துண்டுத் துணி மூட்டை

பங்குக் குருவானவர் ஒருவர் தையலைப் பற்றிக் கட்டுரை எழுத முற்பட்டால் இல்லத்தரசியர் நகைப்பது இயல்பே. தாராளமாக நகைக்கலாம், முழுவதும் படித்த பின் நகைத்தால் இன்னும் நல்லது. என் இடக்கைச் சுட்டுவிரலில் தையல் ஊசி ஏறிய தழும்பு இன்றும் இருக்கிறது. எழுதும் உரிமைக்கு அந்தத் தழும்பே சான்று.

குருமடத்தில் எங்களுக்குத் தத்துவமும் இறையியலும் முறைப்படி கற்பித்தார்கள். அறுந்த பொத்தானைத் தைப்பதும், கிழிந்த அங்கியின் ஓரத்தை மடித்து ஓட்டுவதும் பாடத்திட்டத்தில் இல்லை. இருந்தும் அவற்றைக் கற்றுக்கொள்ளாமல் எவரும் வெளியே வரவில்லை. அதற்கு மேல் ஊசி பிடித்தவன் அல்லன் நான். என் அன்னையோ நாற்பது ஆண்டுகள் தையற்காரி. வள்ளியூருக்குத் தென்புறமுள்ள எங்கள் சிற்றூரில், 1974இல் பழைய பொருளாக வாங்கிய காலால் மிதிக்கும் சிங்கர் இயந்திரத்தில், ஊர்ப் பெண்களின் இரவிக்கைகளையும் பள்ளிப் பிள்ளைகளின் சீருடைகளையும் தைத்தே எங்களைப் படிக்க வைத்தார். பேருந்து நடத்துநரான தந்தையின் சம்பளம் அரிசிக்கும் மருந்துக்கும் போயிற்று. புத்தகத்துக்கும் கட்டணத்துக்கும் தையற்கூலிதான். 1996இல் என் குருப்பட்டத்திற்கான வெள்ளை அங்கியையும் அவரே தைத்தார்.

2023ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஒருநாள் அதிகாலைத் திருப்பலிக்கு முன்பே தங்கையிடமிருந்து தொலைபேசி வந்தது. அம்மா புழக்கடைப் படியில் மயங்கி விழுந்து மணிக்கட்டு எலும்பு முறிந்துவிட்டது என்றாள். நான் போய்ச் சேர்ந்தபோது மாவுக்கட்டுப் போட்டு வீட்டிற்கு அழைத்து வந்திருந்தார்கள். விழுந்ததற்குக் காரணத்தை மருத்துவர் எளிதில் கண்டுகொண்டார். இரத்தக் கொதிப்பு மாத்திரையை முந்தின நாள் அம்மா இரண்டு முறையோ மூன்று முறையோ விழுங்கியிருக்கிறார். அழுத்தம் அளவுக்கு மீறி இறங்கியிருக்கிறது.

எப்படி இவ்வாறு நேர்ந்தது என்று தங்கையைக் கேட்டேன். அவள் பதில் சொல்லவில்லை. என்னை அம்மாவின் அறைக்குள் அழைத்துச் சென்று காட்டினாள்.

82 வயதான அம்மாவுக்குக் கண்ணழுத்த நோயால் பார்வை பாதி போய்விட்டது. நினைவும் மெல்லத் தளர்ந்து வருகிறது. கட்டிலைச் சுற்றிலும் பொருள்கள். தலையணைக்கடியில் மாத்திரைப் பட்டைகள், பிஸ்கட் தகரத்திற்குள் மாத்திரைப் பட்டைகள், சன்னல் விளிம்பில் இன்னும் சில. எல்லாமே வெள்ளி நிறத் தகடு. எல்லாவற்றிலும் சிறிய வெள்ளை வில்லை. மருந்துக் கடைகளில் பத்து மாத்திரை கொண்ட பட்டையை நமக்கு வேண்டிய எண்ணிக்கைக்குக் கத்தரித்துத் தருகிறார்களே, அந்தத் துண்டுகளில் பாதியில் மருந்தின் பெயரே இல்லை. பெயரும் காலாவதி நாளும் அச்சிட்ட பகுதி கடையிலேயே தங்கிவிட்டது. மூக்குக்கண்ணாடி குடிநீர்ப் பானையின் மூடிமேல். குடும்ப அட்டை விசிறிக்கடியில். செபமாலை மூன்று, ஒன்றுகூட அவர் தேடும்போது கைக்குக் கிட்டுவதில்லை. இவற்றுக்கெல்லாம் மேலாக, கட்டிலுக்கடியில் ஒரு பெரிய அரிசிச் சாக்கு நிறையத் துண்டுத் துணி. நாற்பதாண்டுத் தையலில் மிஞ்சிய வெட்டுத் துண்டுகள் அவை.

“இந்தச் சாக்கை எரிக்கணும் அண்ணே. எலி குட்டி போட்டிருக்கு. சொன்னா அம்மா அழுவுது,” என்றாள் தங்கை.

நான் குருவானவர் குரலில் ஏதோ சொல்லத் தொடங்கினேன். முதியோரின் மனத்தைப் புண்படுத்தலாகாது என்ற வகையில் இரண்டு வாக்கியம் போயிருக்கும்.

“நீங்க வருசத்துல பத்து நாளு இருக்கீக. மிச்ச நாளெல்லாம் நான் இருக்கேன்,” என்றாள்.

அதற்கு மேல் நான் பேசவில்லை. அவள் கணவனை இழந்தவள். பள்ளிச் சத்துணவுக் கூடத்தில் பணி செய்கிறாள். காலை எட்டு மணிக்குப் புறப்பட்டு மூன்று மணிக்குத் திரும்புகிறாள். இடைப்பட்ட நேரத்தில் அம்மா தனியே. அன்றிரவு முற்றத்தில் அமர்ந்து, கன்னியர் நடத்தும் முதியோர் இல்லத்தில் அம்மாவைச் சேர்க்கலாமா என்று முதன்முறையாகக் கேட்டாள். கேட்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. எத்தனையோ குடும்பங்கள் இதே கேள்வியோடு என் அறைக்கு வந்திருக்கின்றன. அவர்களுக்கு நான் தயங்காமல் விடை கூறியிருக்கிறேன். அன்று எனக்கு விடை கிட்டவில்லை.

பன்னிரண்டு நாள் விடுப்புப் பெற்றிருந்தேன். மறுநாள் தங்கை பணிக்குச் சென்றபின் சாக்கை வெளியே இழுத்துப் போட்டேன். எலி இருந்தது உண்மை. கடித்ததும் நாறியதும் ஒரு கூடை, அதை எரித்துவிட்டேன். எஞ்சியதைத் துவைத்துக் கொடியில் போட்டபோது எங்கள் குடும்பச் சரித்திரமே காற்றில் ஆடியது. தந்தையாரின் காக்கிச் சட்டை. எழுபதுகளில் ஊரெல்லாம் பெருமையாக உடுத்திய டெரிலினும் டெரிகாட்டனும். எனக்கு ஐந்து வயதில் தைத்த கார்டுராய்க் கால்சட்டையின் மிச்சம். தங்கையின் திருமணத்தின்போது வாங்கிய கருநீல வெல்வெட். கோடுபோட்ட பள்ளிச் சீருடைத் துணி முழக்கணக்கில்.

அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அந்த எண்ணம் பிறந்தது. தபால் நிலையத்தில் கடிதங்களைப் பிரித்துப் போடுவதற்குச் சுவரில் அறை அறையாகப் பலகை வைத்திருப்பார்களே, அதுபோன்ற ஒன்றைத் துணியில் தைத்துக் கட்டிலருகே தொங்கவிட்டால் என்ன? ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு பை. பெட்டியென்றால் திறக்க வேண்டும்; அலமாரியென்றால் எழுந்து போக வேண்டும். பார்வை மங்கியவருக்கும் நினைவு தளர்ந்தவருக்கும் மூடியிட்ட பொருள் இல்லாத பொருளே. இது கையெட்டும் தூரத்தில் திறந்தே இருக்கும்.

அம்மாவிடம் சொன்னேன். மாவுக்கட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டு சற்று நேரம் யோசித்தார். “பின்துணி என்ன போடுவீக சாமி?” என்று கேட்டார். குருப்பட்டம் பெற்ற நாள் முதல் அவர் என்னைச் சாமி என்றே அழைத்து, பன்மையிலேயே பேசிவருகிறார். நான் எத்தனை முறை வேண்டாமென்றாலும் கேட்பதில்லை.

பின்துணிக்குப் படுக்கை விரிப்பு ஒன்றைக் காட்டினேன். உதட்டைப் பிதுக்கினார். மெல்லிய துணி சாமான் ஏறியதும் நடுவில் தொய்ந்து வயிறு தள்ளும் என்றார். பரணில் கிடந்த பழைய பவானி ஜமுக்காளத்தை எடுக்கச் சொன்னார். ஒருபுறம் நைந்திருந்தது, நன்றாயிருந்த பகுதியில் 24 அங்குல அகலமும் 41 அங்குல நீளமும் வெட்டினேன். மேலே மூன்று அங்குலம் பின்புறமாக மடித்துத் தைத்துக் குழல்போல் ஆக்கினால் அதற்குள் மூங்கிற்கழி ஒன்றைச் செருகலாம். இரண்டு ஆணியில் கழியை நிறுத்தினால் எடை முழுதும் கழியின்மேல் நிற்கும். துணியிலேயே ஓட்டை போட்டு ஆணியில் மாட்டினால் ஒரு மாதத்தில் கிழிந்துவிடும்.

துண்டுகளைத் தெரிந்தெடுக்கும் வேலையை அம்மா விரலாலேயே செய்தார். நான் ஒவ்வொன்றாகக் கையில் கொடுப்பேன். கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே தேய்த்துப் பார்ப்பார். இது பருத்தி, இது கலப்பு, இது இற்றுப்போயிற்று, எறிந்துவிடு. நேற்று உண்டது நினைவில்லாதவருக்கு, முப்பது ஆண்டுகளுக்கு முன் வெட்டிய துணி யாருடையது என்பது தெரிந்தது. துணியின் நீளவாட்டைப் பையின் உயரமாக வைக்க வேண்டும், குறுக்குவாட்டாக வைத்தால் பை இழுபட்டுத் தொங்கும் என்றார். எது நீளவாட்டு என்று எப்படி அறிவது? இரண்டு கையாலும் பிடித்து இழுத்தால் விறைப்பாக நிற்பது நீளவாட்டு. சற்றே விட்டுக்கொடுப்பது குறுக்கு. மூலைவாட்டில் இழுத்தால் ரப்பர்போல நீளும். அது பைக்கு உதவாது, ஓரம் கட்டும் பட்டிக்கு மட்டுமே உதவும். நாற்பது ஆண்டுகள் அதே வீட்டில் அந்த இயந்திரம் ஓடியிருக்கிறது. இந்த மூன்று வரியை நான் அன்றுதான் கற்றேன்.

விரல்கள் இவ்வளவு அறியுமெனில் வண்ணத்தை நம்புவானேன் என்று எனக்குத் தோன்றியது. மேல் வரிசையில் ஆறு அங்குல அகலமுள்ள நான்கு பைகள். காலை மாத்திரைக்கு வரிவரியாய் எழும்பிய கார்டுராய், மதியத்திற்கு வழவழப்பான டெரிகாட்டன், இரவிற்கு வெல்வெட், நான்காவது, மூக்குக்கண்ணாடிக்குக் கீறல் விழாத ஃபிளானல். இருட்டிலும் தடவி அறியலாம்.

இனி என் அறியாமையின் கதை. முதல் நாள் நான் எல்லாப் பைகளையும் தட்டையாகத் தைத்துவிட்டேன். அம்மா கட்டிலில் கண்ணயர்ந்திருந்தார். இரண்டாம் வரிசைப் பையொன்றில் கைவிளக்கை நுழைத்தால் நுழையவில்லை. திணித்தால் பின்துணியே சுருங்கியது. விழித்ததும் தடவிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். விழுந்ததற்குப் பிறகு அவர் சிரித்தது அப்போதுதான். பிரிக்க வேண்டும் என்றார். ஒரு பகல் முழுவதும் பிரித்தேன். சாமான் வைக்கும் பைக்குத் துணி அகலமாக வேண்டும்: எட்டு அங்குலப் பைக்குப் பதினொரு அங்குலம் வெட்ட வேண்டும். இருபுற ஓரத்திற்கும் அரை அங்குலமாக ஓர் அங்குலம் போனால் பத்து நிற்கும். அடிமூலை இரண்டிலும் அரை அங்குல மடிப்பு ஒவ்வொன்று வைத்தால், மடிப்புக்கு ஓர் அங்குலம் வீதம் இரண்டு போய், மிச்சம் எட்டு. மடிப்பு விரிந்து கொடுப்பதால் கனமான பொருளும் அமரும். மேல் வரிசைக்கு மடிப்புத் தேவையில்லை. மாத்திரைப் பை ஐந்து அங்குல ஆழத்திற்கு மேல் போகவும் கூடாது. போனால் விரல் அடியைத் தொடாது, பழைய பட்டை அடியிலேயே தங்கிவிடும்.

பையைப் பொருத்துவதிலும் ஒரு முறை உண்டு. வாய்ப்பக்கத்தை முதலிலேயே மடித்துத் தைத்துவிட வேண்டும். பிறகு பின்துணியில் அடிக்கோடு போட்டு, பையைத் தலைகீழாக, நல்ல பக்கம் பின்துணியைப் பார்க்கும்படி கோட்டுக்குக் கீழே கவிழ்த்து வைத்து, கோட்டின் மேல் தைக்க வேண்டும். தைத்ததும் பையை மேலே மடக்கினால் வெட்டுவிளிம்பு உள்ளே மறைந்துவிடும். அதன்பின் இரு பக்கங்கள். வாயருகே முன்னும் பின்னுமாக மூன்று முறை தைக்க வேண்டும். கை நுழையும்போதெல்லாம் இழுபடுவது அந்த இடமே.

ஜமுக்காளமும் மடிப்பும் சேரும் இடத்தில் 14ஆம் எண் ஊசி முறிந்து தெறித்தது. 16ஆம் எண் ஊசி வாங்கி வந்தேன். சக்கரம் பின்னோக்கிச் சுழன்று நூல் சிக்கியது எத்தனை தடவை என்று கணக்கில்லை. இந்த இயந்திரத்தைக் கண்டுபிடித்த முன்னோடிகளில் ஒருவரான திமோனியே என்ற பிரெஞ்சுத் தையற்காரர் 1830இல் காப்புரிமை பெற்றார். மறு ஆண்டே, தங்கள் பிழைப்புப் போய்விடும் என்று அஞ்சிய பாரிசுத் தையற்காரர்கள் அவருடைய இயந்திரங்களை உடைத்து நொறுக்கினார்கள். நான்காம் நாள் மாலையில் எனக்கு அந்தத் தையற்காரர்கள்மேல் சற்றே பரிவு பிறந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

என் விரலில் ஊசி ஏறியதும் அந்த மாலையில்தான். நான் கத்தியிருக்க வேண்டும். கட்டிலிலிருந்து அம்மாவின் குரல்: “ஏலேய், துணியை இழுக்காதலே! அதுவா போவும். நீ பிடிச்சுக் காட்டுனாப் போதும்.”

இருபத்தேழு ஆண்டுகளுக்குப் பின் கேட்ட ஏலேய் அது. அவர் அதைக் கவனிக்கவில்லை. நான் விரலை வாயில் வைத்துக்கொண்டு திரும்பாமல் உட்கார்ந்திருந்தேன்.

வேலை முடியும் தறுவாயில் இருந்தபோது நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். கடைசி வரிசையில் அகலமான ஒரே பை. அதற்கு வேண்டிய துணி போதவில்லை. சீருடைத் துண்டுகளை இணைத்தும் ஒரு சாண் குறைந்தது. வங்காளத்துப் பெண்கள் பழைய புடவைகளை அடுக்கி, அந்தப் புடவைகளின் கரையிலிருந்தே நூல் உருவிக் காந்தா என்னும் விரிப்புத் தைப்பார்கள். ஒன்றும் வெளியிலிருந்து வாங்குவதில்லை. நானும் புதுத் துணி வாங்குவதில்லை என்று பிடிவாதம் கொண்டிருந்தேன். சாக்கின் அடியைத் துழாவியபோது, நூலால் கட்டிய சிறு பொட்டலம் கிடைத்தது. பிரித்தால், இளஞ்சிவப்பில் வெள்ளைப் பூப்போட்ட பருத்தித் துணி. அளவு சரியாக ஒரு சாண் அகலம். எலி தொடவில்லை. கத்தரியை எடுத்துக்கொண்டே அம்மாவின் கையில் கொடுத்தேன்.

தடவினார். மீண்டும் தடவினார். பிறகு அதை மார்போடு சேர்த்துக்கொண்டு, “இது வேண்டாம்,” என்றார்.

“யாருடைய துணி அம்மா?”

நெடுநேரம் முயன்றார். உதடுகள் அசைந்தன. “தெரியலியே,” என்றார். “வெட்டக்கூடாது. அது மட்டும் தெரியுது.”

மூன்று மணிக்குத் தங்கை வந்ததும் காட்டினேன். அவளுக்கும் தெரியவில்லை. எனக்கு முன் ஒரு பெண் குழந்தை பிறந்து ஏழாம் மாதத்தில் இறந்தது என்பதைத் தந்தையார் ஒரே ஒரு முறை எங்களிடம் சொல்லியிருக்கிறார். அது ஒருவேளை அந்தக் குழந்தையின் சட்டைத் துணியாயிருக்கலாம். அண்டைவீட்டுப் பெண்ணின் பாவாடைத் துணியாகவும் இருக்கலாம். கேட்டுத் தெளிய இனி எவருமில்லை. தங்கை ஒன்றும் பேசாமல் உள்ளே போய்த் தன் பழைய புடவையொன்றின் முந்தானையைக் கிழித்து எடுத்து வந்தாள். கடைசிப் பை அதனால் நிறைந்தது. ஓரப்பட்டியை அவளே இரவு பத்து மணி வரை தைத்தாள். என் தையலைவிட நேராக இருந்தது என்பது வேறு.

அம்மா இட்ட பெயர் தபால் துணி. மழைச்சாரல் படாத உட்சுவரில், அடுப்புக்கு எட்டத்தில், கட்டிலில் அமர்ந்தபடி கையெட்டும் உயரத்தில் மாட்டினோம். வீட்டில் சிறு பிள்ளைகள் உள்ளவர்கள் மாத்திரைப் பையை அந்த உயரத்தில் வைக்கலாகாது. எங்கள் வீட்டில் பிள்ளைகள் இல்லை. தங்கை வேலைக்குப் போகுமுன் அன்றைய மாத்திரைகளை மட்டும் அந்தந்தப் பையில் இடுவாள்; மற்றவை அவளுடைய பெட்டியில் பூட்டப்பட்டிருக்கும். பை வெறுமையாயிருந்தால் மாத்திரை விழுங்கியாயிற்று என்று பொருள். மருந்துக் கடையிலும் பெயர் அச்சிட்ட முனையோடு பட்டையைத் தரும்படி கேட்டு வாங்குகிறாள்.

எல்லாம் சீராகிவிட்டது என்று எழுத மாட்டேன். பொங்கல் கழிந்து 2024 ஜனவரியில் போனபோது கார்டுராய்ப் பையில் பாதி கடித்த முறுக்கு இருந்தது. மூக்குக்கண்ணாடி பழையபடி பானைமேல்தான். குடும்ப அட்டையைக் காணாமல் இரண்டு நாள் தேடியிருக்கிறார்கள். ஆயினும் அந்த ஐந்து மாதத்தில் மாத்திரை ஒருமுறையும் இரட்டிக்கவில்லை. முதியோர் இல்லத்தைப் பற்றி நானாகவே பேச்செடுத்தேன். “ஈஸ்டர் வரைக்கும் பாப்போம்,” என்றாள் தங்கை. அந்த ஈஸ்டரும் போய், அடுத்த ஈஸ்டரும் போயிற்று. அவள் களைத்திருக்கிறாள் என்பதை நான் மறக்கவில்லை. இப்போது மாதந்தோறும் ஒரு திங்களும் செவ்வாயும் நான் அங்கே இருக்கிறேன். அவ்விரு நாளும் அவள் தன் தோழியின் ஊருக்குப் போய்விடுகிறாள்.

சென்ற முறை நான் போயிருந்தபோது அம்மா உறங்கிக்கொண்டிருந்தார். தபால் துணியைத் துவைப்பதற்காகப் பைகளை ஒவ்வொன்றாக வெறுமையாக்கினேன். பதினோராவது பையில், கைக்குட்டைகளுக்கும் பனையோலை விசிறிக்கும் அடியில், அந்த இளஞ்சிவப்புத் துணி நான்காக மடித்து வைக்கப்பட்டிருந்தது. நான் வைக்கவில்லை. தங்கையும் தான் வைக்கவில்லை என்றாள். துவைத்து உலர்த்தியபின், இருந்த மடிப்பிலேயே மடித்து, அதே இடத்தில் திரும்ப வைத்தேன்.